இமாம் அஹ்மத் இப்னு ஈஸா அல்முஹாஜிர் (ரஹ்): வாழ்வும் வழித்தோன்றல்களும்

 



வாராவாரம் நம் பள்ளிவாசலில் இஷா தொழுகைக்குப் பின் ஹத்தாத் ராத்தீபு ஓதப்படுவதை நீங்கள் அறிவீர்கள். ஓதி முடித்து ஃபாத்திஹா ஓதும் வேளையில் சில பெரியார்களின் பெயர்கள் மொழியப்படுகின்றன. அவற்றுள் ஃபகீஹுல் முகத்தம் என்பது ஒன்று. ராத்தீபைத் தொகுத்த ஹத்தாத் நாயகத்தின் பெயர் மற்றொன்று. சிறுவயது முதல் இப்பெயர்களைக் கேட்டு வளர்ந்த நம்மில் பலருக்கு, அவர்கள் யார், எந்நாட்டவர், எக்காலத்தவர் என்பது தெரியாது. அவ்விருவரும் ஒரே குடும்பத்தார். அக்குடும்பத்தின் மூலவர் ஈராக்கின் பஸரா நகரில் செல்வாக்கோடு வாழ்ந்து, ஒரு நாள் யாவற்றையும் துறந்து புறப்பட்டவர். அன்னாரே இமாம் அஹ்மத் இப்னு ஈஸா (ரஹ்). வரலாறு அவர்களை அல்முஹாஜிர், அதாவது ஹிஜ்ரத் செய்தவர் என்ற ஒரு சொல்லாலேயே அழைக்கிறது. (ராத்தீபு குறித்து ஆலிம்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளுக்குள் நாம் இக்கட்டுரையில் நுழையவில்லை. நாம் சொல்ல வந்தது ஒரு மனிதரின் பயணத்தையும் அதன் விளைவையும் மட்டுமே.)

அன்னாரின் வம்சாவளி பின்வருமாறு: அஹ்மத், அவர்களின் தந்தை ஈஸா, அவர்களின் தந்தை முஹம்மத், அவர்களின் தந்தை அலீ அல்உரைளீ, அவர்களின் தந்தை இமாம் ஜாஃபர் ஸாதிக், அவர்களின் தந்தை முஹம்மதுல் பாகிர், அவர்களின் தந்தை அலீ ஜைனுல் ஆபிதீன், அவர்களின் தந்தை கர்பலாவில் ஷஹீதான ஹுஸைன் (ரலி). மதீனாவை அடுத்த உரைள் என்னும் சிற்றூரில் வாழ்ந்து ஹிஜ்ரி 210இல் மறைந்தமையால் பாட்டனாரின் தந்தைக்கு உரைளீ என்ற பெயர் வந்தது. பிற்காலத்தில் குடும்பம் பஸராவுக்குப் பெயர்ந்து, அங்கே தோட்டங்களும் சொத்துக்களும் உடையதாயிற்று.

பஸரா அக்காலத்தில் எப்படிப்பட்ட நகரம்! கடல் வாணிபத்தின் வாயில், இலக்கணத்தின் தொட்டில், ஹஸன் பஸரீ (ரஹ்), ராபிஅத்துல் அதவிய்யா (ரஹ்) போன்றோர் வாழ்ந்த மண். ஆனால் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரின் மீது துன்பத்தின் மேல் துன்பம் வந்து விழுந்தது. சுற்றுவட்டார உவர் நிலங்களில் கொடுமையான வேலைக்கு ஆட்படுத்தப்பட்டிருந்த ஆப்பிரிக்க அடிமைகள் ஹிஜ்ரி 255இல் (கி.பி. 869) கிளர்ந்தெழுந்தனர். ஸன்ஜ் கிளர்ச்சி என்று வரலாறு கூறும் அப்போர் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 257இல் பஸரா சூறையாடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வெட்டி வீழ்த்தப்பட்டனர். அடிமைகளின் துயர் உண்மையானது. அவர்கள் எடுத்த பழியும் கொடியது. அந்தக் காயம் ஆறுமுன்னே பஹ்ரைன் பகுதியிலிருந்து கராமிதாக்கள் எனும் வழிதவறிய கூட்டத்தார் தலையெடுத்தனர். அபூ தாஹிர் என்பவனின் தலைமையில் ஹிஜ்ரி 311இல் (கி.பி. 923) அவர்கள் பஸராவுக்குள் புகுந்து பல நாட்கள் கொன்று குவித்தனர். பக்தாதின் கலீஃபாவோ தம் அரண்மனைக் காவலர்களையே கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருந்தார்.

இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களுக்கு உயிரச்சம் மட்டுமே காரணமாயிருந்திருப்பின், அருகிலிருந்த வேறொரு செழிப்பான நகருக்குச் சென்றிருக்கலாம். செல்வமிருந்தது, குலப்பெருமை இருந்தது, எங்கு சென்றாலும் வரவேற்பு இருந்திருக்கும். அவர்களின் கவலை வேறு. கொள்கைக் குழப்பங்களும் ஆட்சிப் பூசல்களும் மலிந்த ஓர் ஊரில், செல்வத்தின் மடியில் வளரும் தம் சந்ததியின் மார்க்கம் என்னாகும் என்பதே அது. குடும்ப வரலாற்று நூல்கள் அனைத்தும் ஒருமித்துக் கூறும் காரணம் இதுவே. பின்னர் அவர்கள் தேர்ந்துகொண்ட இடத்தைப் பார்க்கும்போது நமக்கும் அது சரியென்றே படுகிறது.

ஹிஜ்ரி 317இல் (கி.பி. 929) அவர்கள் பஸராவை விட்டுப் புறப்பட்டார்கள். குடும்பத்தார், உறவினர், ஊழியர் என ஏறக்குறைய எழுபது பேர் உடன் சென்றதாகச் சொல்லப்படுகிறது. மகன் அப்துல்லாஹ் உடன் வந்தார். மற்றொரு மகன் முஹம்மத், சொத்துக்களைப் பராமரிக்கும் பொறுப்பேற்று உடன்பிறந்தாரோடு பஸராவிலேயே தங்கிவிட்டார். புறப்படுகின்ற தந்தையும் தங்குகின்ற மக்களும் மீண்டும் சந்திக்கப் போவதில்லை என்பதை உணர்ந்தே பிரிந்திருப்பார்கள். இப்பிரிவை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த ஒரு விவாதத்துக்கு இதுவே வேராயிற்று.

முதலில் மதீனா சென்று அங்கு ஓராண்டு தங்கினார்கள். அவர்கள் அங்கிருக்கையில்தான், அவ்வாண்டு துல்ஹஜ் மாதத்தில், இஸ்லாமிய உலகமே உறைந்துபோன அந்தக் கொடுமை நிகழ்ந்தது. அதே அபூ தாஹிர் தன் படையுடன் மக்காவுக்குள் நுழைந்து, தவாஃப் செய்துகொண்டிருந்த ஹாஜிகளை வெட்டினான். ஸம்ஸம் கிணற்றில் ஜனாஸாக்கள் வீசப்பட்டன. கஅபாவின் மூலையிலிருந்து ஹஜருல் அஸ்வத் பெயர்த்தெடுக்கப்பட்டு பஹ்ரைன் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டது. மறு ஆண்டு, ஹிஜ்ரி 318இல், இமாமவர்கள் தம் குழுவினருடன் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். அப்போது அந்த மூலை வெறுமையாக இருந்தது. ஹாஜிகள் கல் இருந்த குழியைக் கையால் தொட்டு முத்தமிட்டுச் சென்றனர். இருபத்திரண்டு ஆண்டுகள் அப்படியே கழிந்து, ஹிஜ்ரி 339இல்தான் (கி.பி. 951) அக்கல் திரும்பி வந்தது. தமக்கு முன் நபிமார்கள் முத்தமிட்ட அக்கல்லை முத்தமிடும் பேறு அந்த ஹஜ்ஜில் அன்னாருக்குக் கிட்டவில்லை. அதைப் பறித்தவர்களே தம் ஊரைச் சூறையாடியவர்களும் என்பதை எண்ணும்போது அவர்களின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஹஜ்ஜுக்குப் பின் பஸரா திரும்பவில்லை. தெற்கே யமன் நோக்கி நடந்தார்கள். உடன் வந்த உறவினருள் சிலர் யமனின் திஹாமா கடற்கரைப் பகுதியிலேயே தங்கினர். யமனில் ஆலிம்கள் பலரைத் தந்த அஹ்தல் குடும்பத்தார் அவர்களின் வழிவந்தோர் என்பர். இமாமவர்களோ மேலும் கிழக்கே சென்று ஹள்ரமவ்த்தை அடைந்தார்கள்.

ஹள்ரமவ்த் என்பது அரேபியாவின் தென்கோடியில், மரமற்ற வறண்ட பீடபூமியை ஆழமாக அறுத்துக்கொண்டு செல்லும் ஒரு நீண்ட பள்ளத்தாக்கு. எப்போதோ பெய்யும் மழையில் மலையிடுக்குகளிலிருந்து பாய்ந்து வரும் வெள்ளத்தை அணைகட்டித் திருப்பி, அதில் பேரீச்சையும் தானியமும் விளைவிப்பார்கள். தவ்அன் பள்ளத்தாக்கின் தேன் இன்றும் பெயர் பெற்றது. அது தவிர, அரசர்கள் ஆசைப்படும்படியாக அங்கு பெரிதாக ஒன்றுமில்லை. அதனாலேயே அவர்கள் அதைத் தேர்ந்தார்கள் போலும். நம் ஊர்ப் பிள்ளைகள் பொருள் தேடிப் பாலைநாடு செல்கிறார்கள். அன்னார் பொருளை விட்டுவிட்டுப் பாலைநாடு சென்றார்கள்.

முதலில் தவ்அன் பகுதியில் ஜுபைல் என்னுமிடத்தில் தங்கி, பிறகு குன்றின் மேலமைந்த ஹஜ்ரைன் ஊரில் வீடும் பேரீச்சந்தோட்டமும் வாங்கினார்கள். அங்கிருந்து பெயர்ந்தபோது, அத்தோட்டத்தைத் தாம் விடுதலை செய்திருந்த ஊழியருக்கே அன்பளிப்பாக வழங்கிவிட்டதாகக் குடும்ப வரலாறு கூறுகிறது. அடிமைகளின் கிளர்ச்சியால் எரிந்த நகரிலிருந்து வந்தவர் செய்த செயல் இது என்பதை நினைவிற்கொண்டு படித்தால் இதன் அருமை விளங்கும். இடையில் சிறிது காலம் வேறோர் இடத்தில் தங்கிய பின், இறுதியாகத் தரீம், ஸைவூன் நகரங்களுக்கிடையே ஹுஸைஸா என்னுமிடத்தில் நிலம் வாங்கிக் குடியமர்ந்தார்கள்.

அக்காலத்தில் ஹள்ரமவ்த்தில் இபாளிய்யாப் பிரிவினரே மேலோங்கியிருந்தனர். (இன்று ஓமானில் அமைதியாக வாழும் இபாளிகளை நாம் இங்கு குறைகூறவில்லை.) இமாமவர்கள் வாளெடுத்து அவர்களை எதிர்த்ததாகப் பரவலாக அறியப்பட்ட செய்தி இல்லை, பேச்சாலும் வாழ்வாலும் கொடையாலும் மக்களை ஈர்த்தார்கள் என்பதே நமக்குக் கிடைக்கும் சித்திரம். அன்னார் எந்த மத்ஹபைச் சார்ந்திருந்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் கருத்து வேறுபட்டுள்ளனர். ஆயினும் பிற்காலத்தில் ஹள்ரமவ்த் முழுமையும் ஷாஃபிஈ மத்ஹபின் கோட்டையாக மாறியதில் அவர்களின் சந்ததியாருக்குப் பெரும் பங்குண்டு என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஹஜருல் அஸ்வத் மக்காவுக்குத் திரும்பி ஆறு ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 345இல் (கி.பி. 956), ஹுஸைஸாவில் இமாமவர்கள் வஃபாத்தானார்கள்.

தந்தையோடு வந்த மகன் அப்துல்லாஹ், அல்லாஹ்வின் அடியார் என்று பொருள்படும் தம் பெயரையும் பெருமையெனக் கருதி, சிற்றடியார் எனப் பொருள்படும் உபைதுல்லாஹ் என்று மாற்றிக்கொண்டார்கள் என்பர். ஹிஜ்ரி 383இல் மறைந்த அவர்களுக்கு மூன்று ஆண் மக்கள்: பஸரீ, ஜதீத், அலவி. முதலாமவரின் பெயரிலேயே விட்டுவந்த ஊர் வாழ்ந்தது. பஸரீயின் கிளையும் ஜதீதின் கிளையும் ஆலிம்கள் பலரைத் தந்துவிட்டு ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டளவில் அற்றுப்போயின. எஞ்சியது அலவியின் கிளை ஒன்றே. அதனால்தான் முழுக் குடும்பமும் பாஅலவி என்று பெயர் பெற்றது.

அலவியின் கொள்ளுப்பேரர் அலீ என்பவர் ஒரு வரண்ட நிலத்தைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிப் பேரீச்சங்கன்றுகளை நட்டார்கள். அந்நிலத்துக்குக் கஸம் என்று பெயரிட்டார்கள். பஸராவில் அவர்களின் முன்னோருக்கு இருந்த ஒரு தோட்டத்தின் பெயர் அது! ஊரை விட்டு வந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கடந்தும், பஸராவைக் கண்ணாலும் கண்டிராத ஒரு பேரரின் நெஞ்சில் அந்தத் தோட்டம் பசுமையாக இருந்திருக்கிறது. மக்கள் அவரைக் காலிஉ கஸம், அதாவது கஸமில் கன்று நட்டவர், என்றே அழைத்தனர். தரீமுக்குக் கிழக்கே கஸம் என்ற ஊர் இன்றும் உள்ளது. இவர்களே ஹிஜ்ரி 521இல் (கி.பி. 1127) குடும்பத்தைத் தரீம் நகருக்குக் கொண்டுவந்தவர்கள். தரீமின் பாஅலவி பள்ளிவாசல் அன்னார் எழுப்பியது. அன்று முதல் இன்று வரை தரீமே அக்குடும்பத்தின் தலைநகர்.

காலிஉ கஸமின் மகன் முஹம்மத், இன்றைய ஓமானின் ளஃபார் பகுதியிலுள்ள மிர்பாத் துறைமுகத்தில் குடியேறி, ஹிஜ்ரி 556இல் (கி.பி. 1161) அங்கேயே அடங்கப்பெற்றார்கள். ஸாஹிபு மிர்பாத் என்பது அவர்களின் பட்டப்பெயர். இன்று உலகிலுள்ள பாஅலவி ஸாதாத்மார் அனைவரின் வம்சாவளியும் இந்த ஒருவரில் வந்து கூடுகிறது. அவர்களின் பேரர்தான் நாம் ஃபாத்திஹாவில் மொழியும் ஃபகீஹுல் முகத்தம் முஹம்மத் இப்னு அலீ (ரஹ்) அவர்கள். தந்தையிலிருந்து எண்ணினால் முஹாஜிர் அவர்கள் இவர்களுக்கு எட்டாம் தலைமுறை முன்னோர்.

ஃபகீஹுல் முகத்தம் ஹிஜ்ரி 574இல் பிறந்து 653இல் (கி.பி. 1255) மறைந்தார்கள். கோத்திரச் சண்டைகள் ஓயாத மண்ணில், கற்கச் செல்லும் மாணவரும் ஆயுதம் தாங்கிச் செல்வதே அக்கால வழக்கம். இவர்களும் மடியில் வாளை வைத்துக்கொண்டுதான் உஸ்தாதிடம் ஃபிக்ஹு பாடம் ஓதினார்கள். பிறகு, மேற்கே மக்ரிப் தேசத்தின் மாபெரும் ஸூஃபியான அபூ மத்யன் (ரஹ்) அவர்களின் தரீக்கா, தூதர் வாயிலாக அவர்களை வந்தடைந்தது. அதை ஏற்றதும் வாளை முறித்து எறிந்தார்கள். அவர்களைப் பெரும் ஃபகீஹாக ஆக்கக் கனவு கண்டிருந்த உஸ்தாத் பா மர்வான் மனம் வருந்தி விலகினார். ஆனால் அந்த முறிந்த வாளின் பலன் ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. ஆயுதமற்ற குடும்பம் என்பதாலேயே சண்டையிடும் கோத்திரங்கள் அவர்களை நடுவர்களாக ஏற்றன. அவர்கள் வாழ்ந்த இடங்கள் அபயம் தரும் இடங்களாயின. அன்னாரின் துணைவியார் ஸைனப் (ரஹ்) அவர்களும் ஏழைகளின் தாய் என்று அழைக்கப்படும் அளவுக்கு வறியோரைப் பேணியவர்கள். ஆலிம்களின் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் இல்லத்தரசிகளை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டபடியால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறோம்.

அதன்பின் கிளைகள் பெருகின. ஸக்காஃப், அய்தரூஸ், ஜிஃப்ரி, பாஃபகீஹ், ஜமலுல்லைல், அத்தாஸ், ஜுனைத், ஷிஹாபுத்தீன் எனக் குடும்பப் பெயர்கள் தோன்றின. ஏடனில் அபூபக்ர் அய்தரூஸ் (ரஹ்) ஹிஜ்ரி 914இல் (கி.பி. 1508) மறைந்தார்கள். அதே அய்தரூஸ் கிளையில் அஹ்மதாபாத்தில் பிறந்த அப்துல் காதிர் அய்தரூஸ் (ரஹ்), ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டின் பெரியார்களது வரலாற்றை அந்நூருஸ் ஸாஃபிர் என்ற அரபு நூலாகக் குஜராத்திலிருந்தே எழுதினார்கள். பஸராவில் தொடங்கிய குடும்பம் இந்திய மண்ணில் அமர்ந்து தன் வரலாற்றையும் சேர்த்து எழுதும் நிலைக்கு வந்துவிட்டது.

இனி, ராத்தீபின் ஆசிரியர். அப்துல்லாஹ் இப்னு அலவி அல்ஹத்தாத் (ரஹ்) ஹிஜ்ரி 1044இல் (கி.பி. 1634) தரீமுக்கு அருகில் பிறந்தார்கள். குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயால் கண்பார்வை போயிற்று. பார்வையற்ற அச்சிறுவர் குர்ஆனை மனனம் செய்து, மார்க்கக் கலைகளைக் கற்று, சொல்லச் சொல்லப் பிறர் எழுத நூல்கள் பல இயற்றினார்கள். யமனின் ஸைதீ ஆட்சியாளர்கள் ஹள்ரமவ்த்தை நோக்கிப் படை நடத்தவிருந்த காலத்தில், பொதுமக்களின் ஈமானுக்கு என்ன நேருமோ என்று அஞ்சிய ஒருவர், ஊரார் கூடி ஓதத்தக்க திக்ருகளைத் தொகுத்துத் தருமாறு வேண்டினார். ஹிஜ்ரி 1071 ரமளானில் (கி.பி. 1661) அவ்வாறு தொகுக்கப்பட்டதே ராத்தீபுல் ஹத்தாத். முஹாஜிர் அவர்கள் எதற்கு அஞ்சிப் பஸராவை விட்டார்களோ, அதே அச்சத்துக்குப் பேரர் கண்ட மருந்து இது. முன்னவர் ஊரை மாற்றினார். பின்னவர் ஊரிலிருந்தவாறே ஓதக் கற்றுக்கொடுத்தார். ஹிஜ்ரி 1132இல் (கி.பி. 1720) அன்னார் மறைந்தார்கள். கடல் கடந்து மலபாரிலும், தமிழகக் கடற்கரை ஊர்களிலும், இலங்கையிலும், மலாய் நாடுகளிலும் அது இன்றும் ஓதப்படுகிறது.

ஓதல் வந்த வழியாகவே மனிதர்களும் வந்தார்கள். கோழிக்கோட்டுக்கு வந்த ஷைக் ஜிஃப்ரி (ரஹ்) அவர்களை ஸாமூதிரி மன்னர் வரவேற்றார். மம்புறம் ஸெய்யித் அலவி தங்ஙள் (ரஹ்) தரீமில் பிறந்து, பதினேழு வயதில் மலபாருக்குக் கப்பலேறி, திரும்பிச் செல்லாமல் 1844இல் அங்கேயே அடங்கினார்கள். அவர்களின் மகன் ஸெய்யித் ஃபள்ல் அவர்களை ஆங்கிலேயர் 1852இல் மலபாரை விட்டு வெளியேற்றினர். ஊர் துறந்தவரின் வழிவந்தவருக்கு ஊர் பறிக்கப்பட்டது. அலைந்து திரிந்த அவர் 1876இல் ளஃபாரின் ஆட்சியாளரானார். மூன்றாண்டுகளில் அதையும் இழந்து, 1900இல் இஸ்தான்பூலில் மறைந்தார். அவர் சிறிது காலம் ஆண்ட அந்த ளஃபாரில்தான் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் ஸாஹிபு மிர்பாத் அடங்கியிருந்தார்கள். கேரளத்தின் பாணக்காட்டுத் தங்ஙள்மார் ஷிஹாபுத்தீன் கிளையினர் என்பதும், 1973இல் மக்காவில் மறைந்த முஸ்லிம் லீக் தலைவர் அப்துர் ரஹ்மான் பாஃபகி தங்ஙள் பாஃபகீஹ் கிளையினர் என்பதும் நம்மவர் பலர் அறிந்ததே.

கிழக்கே, போர்னியோ தீவில் 1771இல் பொந்தியானாக் நகரை நிறுவி சுல்தானாக ஆண்டவர் இக்குடும்பத்தவர். மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்தில் 1843 முதல் ஜமலுல்லைல் கிளையினர் அரசராக இருந்து வருகின்றனர். சிங்கப்பூரில் ஸெய்யித் உமர் ஜுனைத் 1820இல் கட்டிய பள்ளிவாசலும், 1866இல் மறைந்த ஹபீப் நூஹ் (ரஹ்) அவர்களின் தர்காவும், அங்கு பிழைக்கச் சென்ற தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்த இடங்கள்.

இவ்வளவும் சொன்ன நாம், சொல்லக் கசப்பான ஒன்றையும் மறைப்பது முறையன்று. 1905இல் சிங்கப்பூரில் ஓர் இந்திய முஸ்லிம், இக்குடும்பத்துப் பெண்ணொருத்தியை மணந்தார். மணமகன் ஸெய்யிது வம்சத்தவர் அல்லர் என்பதால் அந்த நிகாஹ் செல்லாது என்று அக்குடும்பத்து ஆலிம் ஒருவர் தீர்ப்புரைத்தார். எகிப்தின் ரஷீத் ரிளா தம் அல்மனார் இதழில் அதை மறுத்து, செல்லும் என எழுதினார். சச்சரவு ஜாவா வரை பரவி, 1914இல் பத்தாவியா நகரில் அல்இர்ஷாத் என்ற தனி அமைப்பே உருவாகும் அளவுக்கு ஹள்ரமீகளைப் பிளந்தது. திருமணத்தில் குலப்பொருத்தம் பார்ப்பது ஷாஃபிஈ ஃபிக்ஹில் உள்ளதுதான். ஆனால் மணமகளும் வலியும் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் நிகாஹ் செல்லும் என்பதே மத்ஹபின் பிரபலமான சட்டம். நபி (ஸல்) அவர்கள் தம் அத்தை மகள் ஸைனப் (ரலி) அவர்களை, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற ஸைத் (ரலி) அவர்களுக்கு மணமுடித்து வைத்ததை ஓதாத ஆலிம் உண்டா? விடுதலை பெற்ற ஊழியருக்குத் தோட்டத்தை எழுதிவைத்த முஹாஜிரின் பெயரால், தொலைவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் சகோதரர் தாழ்த்தப்பட்டார் என்பது நமக்கு வருத்தத்தையே தருகிறது. நம் ஜமாஅத்திலும் நிகாஹ் பதிவேடு எழுதும்போது குடும்பப் பெயரைப் பற்றிய கேள்விகள் எழாமலில்லை.

வம்சாவளியின் நம்பகத்தன்மை பற்றிய கேள்வியும் புதிதன்று. ஹள்ரமவ்த் மக்களே தொடக்கத்தில் சான்று கேட்டதாகவும், ஜதீதின் கிளையில் வந்த முஹத்திஸ் அலீ என்பவர் பஸரா சென்று, ஹஜ்ஜுக்குப் புறப்பட்டோரிடமிருந்து சாட்சியம் பெற்று, மக்காவில் ஹள்ரமீ ஹாஜிகள் முன்னிலையில் அதை உறுதிப்படுத்தியதாகவும் குடும்பத்தார் கூறுவர். 2022 முதல் இந்தோனேசியாவில் இவ்விவாதம் மீண்டும் சூடுபிடித்துள்ளது. முஹாஜிர் அவர்களின் காலத்தை ஒட்டிய நஸப் நூல்களில் பஸராவில் தங்கிய மக்களின் பெயரே காணப்படுகிறது, உபைதுல்லாஹ் என்றொரு மகன் காணப்படவில்லை என்று அங்குள்ள சில ஆலிம்கள் வாதிடுகின்றனர். தொலைதூரப் பள்ளத்தாக்கில் மறைந்துவிட்ட கிளையை ஈராக்கில் இருந்து எழுதியோர் அறியாதிருந்தது இயல்பே என்றும், ஹிஜ்ரி 732இல் மறைந்த யமன் வரலாற்றாசிரியர் ஜனதீ, ஜதீத் கிளையின் வம்சாவளியை எழுதுகையில் அஹ்மதின் மகன் அப்துல்லாஹ் என்றே குறித்துள்ளார் என்றும் மறுதரப்பார் விடையிறுக்கின்றனர். நூற்றாண்டுகளாக ஆலிம்கள் ஏற்று வந்த ஒரு நஸபை, ஏட்டில் ஒரு பெயர் இல்லாமையால் மட்டும் தள்ளிவிடுவதை நாம் சரியெனக் கருதவில்லை. ஆயினும் கேட்பவரை அஹ்லுல் பைத்தின் பகைவரென்று தூற்றுவதும் தகாது. பஸராவை விட்டுப் புறப்பட்ட அன்று, பதிவேட்டில் தம் பெயர் நிலைக்குமா என்பதைப் பற்றி அந்தத் தந்தையும் மகனும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

ஹுஸைஸாவில் இன்று ஊர் இல்லை. தரீமிலிருந்து ஸைவூன் செல்லும் பாதையருகே, வறண்ட மலைச்சரிவில் அன்னாரின் அடக்கஸ்தலம் வெண்ணிறமாகத் தனித்து நிற்கிறது. ஜாவாவிலிருந்தும் மலபாரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் தரீமின் மதரஸாக்களுக்கு ஓத வரும் மாணவர்கள், படியேறிச் சென்று அங்கே ஸலாம் உரைத்துத் திரும்புகிறார்கள்.